திரும்பிப் பார்த்த சுற்று

இஷாக் மூன்றாம் முறையாக வந்து நின்றபோதும் இனிகோ கேட்டைத் திறக்கவில்லை.

ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நிழலில்லாத தார்ச்சாலையில் அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தான் பையன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திண்டுக்கல்லில் இருந்து சைக்கிளை மிதித்தால் அவனுக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் இந்த வீட்டுக்குச் சைக்கிளில் வரக் கூடாது என்று அவனாகவே வைத்துக்கொண்டான் போலிருக்கிறது. மூன்று முறையும் பஸ்ஸில்தான் வந்தான். கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"பிராங்க்ளினை ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன் மாமா."

"தூங்குறான்."

"அப்பச் செத்த நேரம் இருக்கேன். எந்திரிக்கட்டும்."

"எந்திரிக்கிற நெலமையிலயா அவன விட்டுட்டுப் போனே?" என்றார் இனிகோ. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசுவதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம் என்று அவர் வேலை பார்க்கும் பஸ் டெப்போவில் எல்லாருக்கும் தெரியும்.

இஷாக் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டான். "அவன்ட்ட ஒரு விசயம் கேக்கணும். போன எடுக்க மாட்டேங்கிறான். கேட்டுட்டேன்னா போயிருவேன்."

"போன எடுக்கலேன்னா என்ன அர்த்தம் தம்பி? அவனுக்கே ஒன்ட்டப் பேசப் பிடிக்கல. அது ஒனக்கே தெரிய வேணாமா?"

பையன் பையிலிருந்து ஒரு நீல அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினான். "இதையாவது குடுத்துருங்க. மெடலு. அவனோடது."

"நீயே வச்சுக்க. நீதான ஓட்டி வாங்குனே."

இஷாக் பெட்டியை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தான். முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் பிராங்க்ளின் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் இடையே பத்தடிகூட இராது. பேசியது அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும். இருந்தும் அவன் குரல் கொடுக்கவில்லை. தான் செய்தது சரிதான் என்பதற்கு இனிகோவுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

இனிகோ அரசு பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கும் பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்குமாகப் போய் வருவதே அவர் உத்தியோகம். தைப்பூச மாதத்தில் அந்த ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம் ஆறு மாதிரி நடந்து போகும். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவது என்பது பாதி ஓட்டுவதும் பாதி நிறுத்துவதும்தான். அந்த ரோட்டில் யார் விழுந்து கிடந்தாலும் இனிகோ வண்டியை ஓரம் கட்டிவிடுவார். பைக்கில் சறுக்கியவன், மயங்கி உட்கார்ந்த பக்தர், குடித்துவிட்டுக் கிடப்பவன் என்று பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கண்டக்டர் சடையாண்டி, "அண்ணே, நம்ம ஓட்டுறது பஸ்ஸா ஆம்புலன்ஸா?" என்று கேட்பான். இனிகோ இறங்கி, விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆளை ஒரு மரத்தடியில் சேர்த்த பிறகுதான் ஏறுவார். விழுந்தவனைப் பார்த்த பிறகும் கடந்து போகிறவன் டிரைவரே இல்லை, மனுசனும் இல்லை என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் அவர் யாருக்கும் தள்ளுபடி கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் கண்முன்னால், ஊரே பார்க்க அது நடந்தது.

பிராங்க்ளினும் இஷாக்கும் பள்ளி நாளில் மாவட்டச் சைக்கிள் போட்டியில் எதிரெதிரே ஓட்டியவர்கள். இஷாக் பேகம்பூர்த் தோல் வியாபாரி நூர் அகமதுவின் மகன். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக டெல்லிப் பயிற்சி முகாமுக்குப் போனார்கள். ஜோடியாகவே ஓட்டத் தொடங்கினார்கள். மேடிசன் என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர். மரப்பலகையால் கிண்ணம்போல் சரித்துக் கட்டிய தளத்தில் இருநூறு சுற்று, ஐம்பது கிலோமீட்டர். ஒரு நாட்டுக்கு இரண்டு பேர். ஒருவன் பந்தயத்தில் உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது மற்றவன் மேட்டில் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்குவான். அவன் முறை வந்ததும் கீழே இறங்குவான். ஓட்டுகிறவன் அவன் கையைப் பிடித்து முன்னால் வீசி எறிவான். வீசப்பட்டவன் பந்தயத்துக்குள் போவான், வீசியவன் மேட்டுக்கு ஏறுவான். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை மணி அடிக்கும். அந்தச் சுற்றில் முந்துகிறவர்களுக்குப் புள்ளி உண்டு. மகன் முதன்முதலாக இதைச் சொல்லிக்கொடுத்தபோது இனிகோவுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் பதிந்தது. அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது.

"பிரேக் இல்லாத வண்டிய எவன்டா ஓட்டுவான்?"

"எல்லாரும்தான்ப்பா. எவன்ட்டயாச்சும் பிரேக் இருந்தாத்தான் ஆபத்து. ஒருத்தன் சடக்குன்னு பிடிச்சா பின்னால வாரவன் அம்புட்டுப் பேரும் மேல வந்து விழுவான்."

இனிகோவுக்கு அது ஏறவில்லை. மகன் சிரித்தான், அவரும் சிரித்துவிட்டார்.

மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் இருவரும் இந்தியாவுக்காக இறங்கிய மதியத்தில், பங்குச் சாமியார் கோயில் பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டினார். ஊரில் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். இருபத்துச் சொச்சம் பேர் கலர் கலராகச் சுற்றிச் சுற்றி வருவதில் எது யாரென்று முதலில் தெரியவில்லை. பிராங்க்ளினின் தங்கை கிளாரா எழுந்து நின்று, "நீலச் சட்டை, ஆரஞ்சு தொப்பி, அதான் அண்ணன். வெள்ளத் தொப்பி இஷாக் அண்ணன்" என்று சொன்ன பிறகு ஹாலுக்குப் பிடிபட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கைவீச்சுக்கும் பெஞ்சுகள் ஆடின. இன்னும் முப்பது சுற்றுகூட இல்லாதபோது இந்தியா இரண்டாம் இடத்தில் இருந்தது.

வளைவில் யாரோ ஒருவனின் சக்கரம் சறுக்கியது. மூன்று பேர் ஒன்றாகச் சரிந்தார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள். ஆரஞ்சு தொப்பி எழவில்லை.

மேட்டிலிருந்து வெள்ளைத் தொப்பி இறங்கியது. இறங்கி, விழுந்து கிடந்தவனை விட்டு விலகி, பந்தயக் கூட்டத்தோடு சேர்ந்து பறந்தது. ஒரு சுற்று முடிந்து மறுபடி அதே இடத்துக்கு வந்தது, மறுபடி கடந்தது. அதற்குள் சிவப்புப் பை தூக்கிய ஆட்கள் பிராங்க்ளினைச் சூழ்ந்து மண்டியிட்டிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி மறுபடியும் வந்தது.

"நிக்க மாட்டேங்கிறானே" என்று பின்பெஞ்சில் யாரோ சொன்னார்கள்.

இனிகோவின் மனைவி செபாஸ்தியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "எம் புள்ள அங்கன கெடக்குறான். அவன் கூட்டாளி பாத்துக்கிட்டே போறான்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, திரையிடம் சொன்னாள்.

இனிகோ எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் நின்ற நாலு பேரிடம், "இனி அந்தப் பய என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உள்ளே கடைசியில் இந்தியா மூன்றாவது என்று அறிவித்ததும், சின்னப் பிள்ளைகள் கை தட்டத் தொடங்கி, பெரியவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர் பிறகு கேள்விப்பட்டதுதான்.

இடுப்பெலும்பு உடைந்து, பிளேட் வைத்து, பிராங்க்ளின் விமானத்தில் வந்து சேர்ந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், பிறகு வீடு. அப்போது இனிகோ மனதில் ஓர் ஒழுங்கு போட்டுக்கொண்டார். பையன் முதலில் எழுந்து நிற்க வேண்டும். பிறகு நடக்க வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி ஏற வேண்டும். அதுவரை அந்தப் பேகம்பூர்ப் பையனின் நிழல் இந்த வீட்டில் விழக் கூடாது. மகனின் சைக்கிளைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அவன் கண்ணில் படும்படி மாட்டினார். ஓய்வு நாளில் அதை இறக்கிச் செயினுக்கு எண்ணெய் போட்டு, துடைத்து, மறுபடி மாட்டினார். பிராங்க்ளின் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான்.

ஆனால் பையன் எழுந்து நிற்கத்தான் காணோம். பிசியோ ஆள் வந்து வாக்கரைப் பிடிக்கச் சொன்னால் நாலடி வைத்துவிட்டு, "போதும் சார்" என்பான். சோறு தட்டில் அப்படியே கிடக்கும். போன் அடிக்கும், திரையில் இஷாக் என்று வரும், அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். நல்லது என்று இனிகோ நினைத்துக்கொண்டார்.

சடையாண்டிதான் ஒரு நாள் பழனி ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது வாயை விட்டான். "அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கிற மாதிரி இருந்தா சொல்லாத."

"அந்த பாய் வீட்டுப் பையன நேத்து நம்ம வண்டியிலதான் ஏத்துனேன். நீங்க லீவுல இருந்தீகள்ல. ரெட்டியார்சத்திரம் டிக்கெட் எடுத்தான். நம்ம வண்டி பழனி போய்த் திரும்பி வாரப்பவே ஸ்டாப்புல நின்னான். இம்புட்டு வேகமா எவனும் ஒறம்பறை வீட்டுக்குப் போய்ட்டு வாரதில்லையே."

"கேட்டுலயே அனுப்பிட்டேன்."

"அதான் தெரிஞ்சுச்சே. சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு, உக்காரவே இல்ல. படியில நின்னே வந்தான்." சடையாண்டி கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். "ரோட்டுல கெடக்கிற குடிகாரனுக்கெல்லாம் வண்டிய நிறுத்துறவரு நீங்க. அம்புட்டுத்தான். வேற நான் ஒண்ணும் சொல்லல."

"ஏறு. நேரமாச்சு" என்றார் இனிகோ.

அன்று ஷிப்ட் முடிந்து மதியம் வீடு திரும்பியபோது பிராங்க்ளின் போனை முகத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து மரப்பலகையில் டயர் ஓடும் அந்தச் சத்தம் வந்தது. அன்றைக்கு ஹாலில் கேட்ட அதே சத்தம்.

"ஏலே, எதுக்கு அதையே பாக்குறே? அமத்து."

"செத்த இருங்கப்பா."

"நீ விழுந்ததப் பாக்குறதுல என்ன வருது ஒனக்கு?"

"நான் விழுந்ததப் பாக்கல. அதுக்கப்புறம் நடந்ததத்தான் பாக்குறேன்." பிராங்க்ளின் படத்தை நிறுத்தி, விரலால் பின்னால் தள்ளினான். "இங்க வந்து உக்காருங்க. நீங்க ஹால்ல கடைசிவர இல்லேன்னு கிளாரா சொன்னா. இத நீங்க பாக்கல."

இனிகோ காக்கிச் சட்டையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பார்க்கப் பிடிக்கவில்லை, இருந்தும் பார்த்தார். கூட்டம் வளைவுக்குள் வந்தது. அதில் வெள்ளைத் தொப்பி நாலாவது ஆளாக, முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்துகொண்டிருந்தது.

"முன்னால போறவன் ஜப்பான்காரன். அவன் சக்கரத்த விடாம ஒட்டிப் போனா காத்து அடிக்காது, மிச்சச் சுத்து அம்புட்டையும் தனி ஆளா சமாளிச்சிரலாம். இவனத் தூக்கிவிட இனி கூட ஆளு இல்லேல்ல. அதான் ஒட்டிக்கிட்டு வாரான். இப்பப் பாருங்க."

வெள்ளைத் தொப்பி திரும்பியது. ஒரே ஒரு கணம்தான். எல்லாத் தலைகளும் முன்னால் குனிந்திருந்த அந்தக் கூட்டத்தில் அந்த ஒரு தலை மட்டும் கீழே, தளத்தின் ஓரத்தில் சிவப்புப் பைக்காரர்கள் மண்டியிட்டிருந்த பக்கம் திரும்பியது. தலை நிமிர்ந்தபோது அவனுக்கும் ஜப்பான்காரனுக்கும் இடையே ஒரு சைக்கிள் நீளம் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வளைவில் அது இரண்டு சைக்கிள் நீளமானது.

"போச்சா?" என்றான் பிராங்க்ளின். "இதுக்கப்புறம் அவன் தனியாக் காத்துல மிதிச்சான். கடைசி மணிக்குக் கால்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவது எடம் இந்த எடத்துல போச்சுப்பா. இந்த ஒரு திருப்பத்துல."

"இன்னொரு தடவ போடு" என்றார் இனிகோ.

போட்டான். தலை திரும்பியது. இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் திரும்பியது. தார்ச்சாலையில் எத்தனையோ முறை, வண்டி வேகத்திலிருக்கும்போதே தன் தலை அப்படி இடப்பக்கம் திரும்பியது அவருக்கு நினைவு வந்தது. அவர் காலடியில் பிரேக் இருந்தது. இந்தப் பையனுக்கு அது இல்லை.

"அவன் நின்னுருக்கணும்னுதான் நான் நெனச்சேன்" என்றார்.

"நின்னா ரெண்டு பேருமே வெளிய. அதான் சட்டம். ஒருத்தன் விழுந்தா மத்தவன் அந்த நிமிசமே உள்ள எறங்கிரணும். அவன் நின்னுருந்தான்னா அவன் மூஞ்சியில நானே முழிச்சிருக்க மாட்டேன்."

"பெறகு எதுக்கு போன எடுக்க மாட்டேங்கிறே? திரும்பிப் பாத்து ரெண்டாவது எடத்த விட்டுட்டான்னு கோவமா?"

பிராங்க்ளின் போனை அணைத்து மார்பில் கவிழ்த்து வைத்தான். "கோவம் இருக்கு. அது கெடக்கட்டும். அவன்ட்டப் பேசுனா ஒண்ணச் சொல்லணும்ப்பா. அதுக்கு இன்னும் வாய் வரல."

"என்னத்தச் சொல்லணும்?"

"அவன் வந்தாச் சொல்றேன்."

இனிகோ சட்டையை மாற்றவுமில்லை, சாப்பிடவும் உட்காரவில்லை. டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்த வழியே திண்டுக்கல்லுக்குத் திரும்பினார்.

பேகம்பூரில் நூர் அகமதுவின் தோல் மண்டிக்கு வழி கேட்க வேண்டிய அவசியமில்லை. உப்புப் போட்ட தோலின் வாடையே வழி சொல்லும். நூர் அகமது நாற்காலியில் உட்கார்ந்தபடி, காக்கிச் சட்டையோடு வந்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க டிரைவரே. உள்ள வாங்க. நம்ம மண்டிக்குக் கேட்டெல்லாம் கெடையாது, ஷட்டர்தான். பகல் பூரா தொறந்துதான் கெடக்கும்."

இனிகோ அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

"எம் புள்ள மூணு தடவ ஒங்க ஊருக்கு வந்தான்" என்றார் நூர் அகமது. "மூணு தடவையும் திரும்பி வந்து அவங்கம்மா நசீம்ட்ட, பிராங்க்ளின் தூங்குறான்னு சொன்னான். அம்புட்டுத் தூக்கம் எந்த ஆஸ்பத்திரி மருந்துலயும் வராதுன்னு நசீமுக்குத் தெரியாதா? ஒண்ணும் கேக்காம சோத்தப் போட்டா."

"தப்பு என் மேலதான் பாய். தம்பியக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

நூர் அகமது ஓர் ஆளைக் கூப்பிட்டு டீ சொன்னார். டீ வந்து, இனிகோ கையில் வாங்கிய பிறகுதான் குரல் இறங்கியது. "டெல்லியில இருந்து போன் மேல போன் வருது. அடுத்த போட்டிக்குக் கூட ஓட்டுறவன் பேரக் குடு, இல்லேன்னா வேற ஜோடிய அனுப்புறோம்ங்கிறாங்க. இவன் குடுக்க மாட்டேங்கிறான். பிராங்க்ளின் வாயால கேக்காம இன்னொருத்தன் பேரச் சொல்ல மாட்டேன்னு பிடிவாதம். அதக் கேக்கத்தான் அங்க வந்தது. ஒங்க மெடல ஒங்க தலையில கட்டுறதுக்கில்ல."

தோல் அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து இஷாக் வந்து நின்றான். எவ்வளவு நேரமாக அங்கிருந்தான் என்று தெரியவில்லை. கைகளில் உப்பு அப்பியிருந்தது.

"அத்தா, போய்ட்டு வாரேன்" என்றான்.

"கையக் கழுவிட்டுப் போ" என்றார் நூர் அகமது.

பழனி ரோட்டில் டிவிஎஸ் மெதுவாகத்தான் போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் துணிப்பையை மடியில் வைத்திருந்தான். புளியமர வரிசை முடிந்து வெட்டவெளி வந்ததும் இனிகோ தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"அன்னைக்குத் திரும்பிப் பாத்தியாமே."

"பாத்தேன் மாமா. ஒரு தடவ."

"என்ன தெரிஞ்சுச்சு?"

"கால் வேற பக்கமாத் திரும்பிக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் பாக்கல. பாத்தா மிதிக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

எதிரே ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரிகள் வரிசையாக வந்தன. அவை கடந்து போகட்டும் என்று இனிகோ ஓரம் கட்டி நின்றார். ஹாலில் தான் எழுந்து போனதற்குப் பிறகு இந்தப் பையன் எத்தனை சுற்று தனியாகச் சுற்றியிருப்பான் என்று நினைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இஷாக்கை உள்ளே போகச் சொல்லிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்துகிற சாக்கில் இனிகோ ஜன்னலருகே நின்றுவிட்டார். ஒட்டுக் கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. உள்ளே போனால் இருவரும் பேச மாட்டார்கள் என்று தோன்றியது.

"வாடா" என்றது பிராங்க்ளினின் குரல்.

"தூங்கி எந்திரிச்சிட்டியா?"

"இப்பத்தான்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"வேற கலர் வந்திருக்கணும்ல" என்றான் பிராங்க்ளின்.

"வந்திருக்கணும்."

"எதுக்குடா திரும்புனே?"

"நீ கெடந்தேல்ல."

"நான் கெடந்தா? சுத்தி அஞ்சு பேரு இருந்தான்ல. நீ பாத்து எனக்கு எலும்பு ஒட்டிருமா? ஜப்பான்காரன் சக்கரத்த விட்டுட்டேயேடா."

"விட்டுட்டேன். திட்டிக்க."

"திட்டத்தான் போன எடுக்கல. போன்ல திட்டுனா சரியா விழாது."

இஷாக் சிரித்தான். பிராங்க்ளினும் சிரித்தான், பாதியில் இடுப்பு வலித்து நிறுத்திக்கொண்டது வெளியில் நின்றவருக்குத் தெரிந்தது. மகன் சிரித்து அந்த வீட்டில் வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நிமிடத்தில் இனிகோ நம்பினார். இனி இரண்டு பேரும் சேர்ந்துகொள்வார்கள். இவன் பக்கத்தில் இருந்தால் அவன் வாக்கரைப் பிடித்து நடப்பான். வருஷம் திரும்பட்டும், ஏறுவான்.

"டெல்லிக்கு யார் பேரக் குடுக்கப் போறே?" என்று கேட்டான் பிராங்க்ளின்.

"ஒன் பேரத்தான். இந்தப் போட்டி போனாப் போகுது, அடுத்ததுக்கு வாரோம்னு சொல்லிர்றேன். நீ எந்திரிச்சு வார வரைக்கும் இருக்கேன்."

"நம்ம கேம்ப்புல இருக்கான்ல, முகேஷ்குமார், அவன் பேரக் குடு."

"இந்த ஒரு போட்டிக்கா?"

"இல்லடா."

ஜன்னலுக்கு வெளியே இனிகோவின் கை வண்டி சீட்டின் மேல் நின்றது.

"மதுரையில டாக்டர் ஸ்கேனப் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. அப்பா மருந்து வாங்கப் போயிருந்தாரு, நான் மட்டும்தான் இருந்தேன். நடக்கலாம். பஸ் ஏறலாம், கல்யாணம் பண்ணலாம், எல்லாம் பண்ணலாம். டிராக்ல ஏறக் கூடாது. இன்னொரு தடவ விழுந்தா நடையும் போயிரும்னாரு. ஒன் போன எடுத்தா இதச் சொல்லணும். சொல்லிட்டா அது நெசமாயிரும். அதான்."

அட்டைப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"எதுத்தாப்புல பாரு, சைக்கிள மாட்டி வச்சிருக்காரு எங்கப்பா. வாரா வாரம் எண்ணெய் போடுறாரு. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி வாக்கரப் பிடிச்சு எந்திரிக்க? எந்திரிச்சேன்னா அடுத்து அதுல ஏறுவேன்னு நிப்பாரு."

"சொல்லலையா அவங்ககிட்ட?"

"யாருட்டயும் சொல்லல." மூச்சு இழுத்துவிடும் சத்தம் கேட்டது. "முகேஷ் நல்லா ஓட்டுவான். ஆனா கடைசிச் சுத்துகள்ல வீசுறப்பக் கை தளந்துரும் அவனுக்கு, நீதான் இறுக்கிப் பிடிக்கணும். அவன் விழுந்தான்னா..."

"விழுந்தா?"

"திரும்பாத."

"அதுக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாதுடா."

"சரி. என் பேர மட்டும் குடுக்காத. முகேஷ் பேரையே குடு."

இஷாக் அழுகிறான் என்று தெரிந்தது. சத்தமில்லாமல்தான் அழுதான். ஆனால் நாற்காலி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கேட்டுக் கம்பிகளின் மேல் அடித்தது. இனிகோ எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ஜன்னலுக்குள்ளிருந்து பிராங்க்ளின் கூப்பிட்டான்.

"அப்பா. வெளியதான் நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன் அப்பு."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அம்மாட்ட நீங்களே சொல்லிருங்கப்பா. என்னால முடியாது" என்றான்.

இனிகோ செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாகச் சமையலறைக்குப் போனார். செபாஸ்தியம்மாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தப் பையனுக்கும் சேத்துத்தான் ஒலை வச்சிருக்கேன்" என்றாள். "மூஞ்சியப் பாத்துப் பேசுறதுக்குத்தான் எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். சோறு போடுறதுக்கு என்ன. தொட்டுக்க வெஞ்சனம்தான் ஒண்ணுமில்ல, இந்தக் கீரையத்தான் வதக்கணும். சிரிச்சாப்புல கேட்டுச்சே, எம் புள்ள சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"ஆண்டவருக்குத் தோத்திரம். இனி எந்திரிச்சிருவான்."

இனிகோ அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு கீரைக் காம்பை எடுத்து இலையை உருவினார், இன்னொன்றை எடுத்தார். முன்னறையில் அந்த இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். யார் பேசுகிறார்கள் என்று இங்கிருந்து பிரித்தறிய முடியவில்லை. அவள் உருவி முடித்த கீரையை அலச எழப்போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார்த்தினார்.

"செபாஸ்தி, அடுப்பக் கொஞ்சம் தணிச்சு வச்சுட்டு வா" என்றார். "ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."